பிணத்திலிருந்து ஊர்வரை

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

யூத சமயச் சிந்தனையில் நகரங்களுக்கு உள்ள ஆன்மிகப் பொருளைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னை அழைத்தபோது, எருசலேமில் தொடங்குவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானோ ஒரு பிணத்தில் தொடங்குகிறேன்; பொறுத்தருள வேண்டும்.

யூத வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 21 ஆம் அதிகாரம் சொல்லும் காட்சி இது. வெட்டவெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான்; கொன்றவன் யாரென்று தெரியவில்லை. பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்கள்வரை தூரத்தை அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஊரின் மூப்பர்கள் நுகத்தடி பூட்டாத கிடாரி ஒன்றை உழாத பள்ளத்தாக்குக்கு ஓட்டிச் சென்று, அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தம் கைகளைக் கழுவி, "எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை, எங்கள் கண்கள் அதைக் காணவுமில்லை" என்று சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ கி.பி. 200 இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு இந்தச் சடங்கை எடுத்துக்கொண்டு நுணுக்கி நுணுக்கி விவாதிக்கிறது. பிணத்தின் எந்த இடத்திலிருந்து அளப்பது? தொப்புளிலிருந்து என்கிறார் ரப்பி எலியேசர்; ரப்பி என்றால் சமய ஆசான். மூக்கிலிருந்து என்கிறார் ரப்பி அகிவா. கழுத்திலிருந்து என்கிறார் இன்னொருவர். ஊர் வாசலிலேயே பிணம் கிடந்தாலும், எந்த ஊர் அருகில் என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அளக்கத்தான் வேண்டும், அளப்பதே கடமை என்கிறது மிஷ்னாவுக்கு விளக்கமாகப் பின்னால் வந்த தல்மூத். முதன்முறை படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செத்தவனுக்கு மூக்கு என்ன, தொப்புள் என்ன என்று நினைத்தேன்.

அடுத்த பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மிஷ்னா அங்கே கேட்கிறது: ஊர் மூப்பர்களைக் கொலைகாரர்கள் என்றா நாம் சந்தேகிக்கிறோம்? பிறகு ஏன் அவர்கள் இப்படிச் சொல்ல வேண்டும்? அதுவே விடையும் தருகிறது. அவன் எங்களிடம் வந்து, நாங்கள் சோறிடாமல் அனுப்பிவிடவில்லை. அவனைக் கண்டும், வழித்துணை இல்லாமல் போகவிடவில்லை. மூப்பர்களின் சொற்களுக்கு இதுதான் பொருளாம். நேயர்களே, இதை நான் மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய உரையின் உயிர்நாடி இதுதான். ஊருக்கு வெளியே, யாரோ ஒருவன் செய்த கொலைக்காக, வழிப்போக்கனுக்குச் சோறு போட்டோமா, ஊர் எல்லைவரை கூட நடந்தோமா என்று அந்த ஊர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, பாவத்துக்காகக் கடவுள் அழித்ததாக வேதம் சொல்லும் சோதோம் என்ற ஊரைப் பாருங்கள். சோதோமின் பாவம் என்னவென்று கேட்டால் பலரும் பாலியல் முறைகேட்டைச் சொல்வார்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்வது வேறு. கர்வம், வயிறு புடைக்க உணவு, கவலையற்ற சுகம், இத்தனை இருந்தும் ஏழையின் கையைப் பிடிக்காதது. தல்மூத் அந்த ஊரைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. பிச்சைக்காரன் வந்தால் ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய காசு ஒன்றைக் கொடுப்பார்கள். ஆனால் ஒருவரும் அவனுக்கு அப்பம் விற்கமாட்டார்கள். கை நிறையக் காசோடு அவன் பட்டினியால் சாவான். செத்ததும் அவரவர் வந்து, பெயரைப் பார்த்து, தம் காசை எடுத்துக்கொண்டு போவார்கள். தர்மக் கணக்கும் நேர், கையிருப்பும் நேர்!

அப்படியானால் வாழத்தக்க ஊர் எது? பத்து வசதிகள் இல்லாத ஊரில் கற்றறிந்தவன் குடியிருக்கக்கூடாது என்று தல்மூத்தில் ஒரு பட்டியல் வருகிறது. தண்டிக்க அதிகாரமுள்ள நீதிமன்றம், இருவர் வசூலித்து மூவர் பங்கிடும் தர்ம நிதி, ஜெபாலயம், குளியல் மண்டபம், கழிப்பிடம், மருத்துவர், பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்று அது நீள்கிறது. நல்ல பழவகைகளும் வேண்டும், அவை கண்ணுக்கு ஒளி தருகின்றன என்று ரப்பி அகிவாவின் பெயரால் ஒரு சேர்க்கையும் உண்டு. ஜெபாலயத்துக்கும் கழிப்பிடத்துக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்த அந்த ஞானிகளை நான் பெரிதும் மதிக்கிறேன். புதிதாக ஓர் ஊரில் இறங்கினால் நான் முதலில் விசாரிப்பதும் பேருந்து நிலையக் கழிப்பறையைத்தான். அதைக் கொண்டே அந்த ஊரை எடைபோட்டுவிடலாம் என்பது என் அனுபவம். போகட்டும், பொருளுக்கு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவை அடைக்கலப் பட்டணங்கள். யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே மூன்று, மேற்கே மூன்று, ஆக ஆறு. கைதவறி ஒருவனைக் கொன்றவன், பழிவாங்க வரும் உறவினனுக்குத் தப்பி அங்கே ஓடலாம். கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று அருகில் நின்றவன்மேல் விழுந்ததைத்தான் வேதம் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அந்த ஊர்களுக்குப் போகும் சாலை 32 முழ அகலம் இருக்க வேண்டும், பாதைகள் பிரியும் இடங்களிலெல்லாம் "அடைக்கலம்" என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறது தல்மூத். ஓடுகிறவன் நின்று வழி கேட்கும்படி ஆகிவிடக்கூடாது. மாணவன் அங்கே போக நேர்ந்தால் அவனுடைய ஆசிரியரும் உடன் போக வேண்டுமாம். கல்வி இல்லாத வாழ்வு வாழ்வே இல்லை என்பது காரணம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நேயர்கள் இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம்!

ஆலயத்தின் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர் இறக்கும்வரை, அடைக்கலம் புகுந்தவன் அங்கேயே இருக்க வேண்டும். அவர் எப்போது சாவார் என்று அவன் நாள் எண்ணுவது இயற்கைதானே? அதனால் பிரதான ஆசாரியர்களின் தாய்மார்கள் இந்த அகதிகளுக்கு உணவும் உடையும் கொடுத்து வந்தார்களாம், தம் பிள்ளை சாகவேண்டுமென்று அவர்கள் ஜெபிக்காதிருக்க. இன்னொரு விதியும் உண்டு. அந்த ஊரார் அவனுக்கு ஏதேனும் மரியாதை செய்ய வந்தால் அவன், "நான் கொலை செய்தவன்" என்று சொல்லிவிட வேண்டும். "இருந்தாலும் பரவாயில்லை" என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். நான் கொலை செய்தவன். இருந்தாலும் பரவாயில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் தெருவில் சாதாரணமாகப் பேசப்படக்கூடிய ஊருக்குத்தான் அடைக்கலப் பட்டணம் என்று பெயர்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். எருசலேமுக்கு இரண்டே நிமிடம். 16 ஆம் நூற்றாண்டில் கலிலேயாவிலுள்ள சபேத் நகரத்து யூத ஞானிகள் வெள்ளிக்கிழமை மாலையில் ஊருக்கு வெளியே வயல்வெளிக்குச் சென்று ஓய்வுநாளை மணமகளாக எதிர்கொண்டதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கு இனி இடமில்லை.

எருசலேமைப் பற்றி ஒன்று. நான் சொன்ன கிடாரிச் சடங்கு அந்த நகரத்துக்குக் கிடையாது. எருசலேம் இஸ்ரவேலரின் எந்தக் கோத்திரத்துக்கும், அதாவது எந்தக் குலத்துக்கும், பங்கிட்டுக் கொடுக்கப்படவில்லை, ஆகவே அது யாருடைய சொத்துமல்ல என்று காரணம் சொல்கிறார்கள். அதே காரணத்தால், திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர்களிடம் அங்கே வீட்டு வாடகை வாங்கக்கூடாது என்றும் ஒரு கருத்து தல்மூத்தில் உண்டு. மேலே வானத்திலும் ஓர் எருசலேம் இருக்கிறது என்பது ஞானிகளின் நம்பிக்கை. கீழே உள்ள எருசலேமுக்குள் நுழையும்வரை மேலே உள்ளதற்குள் நுழையமாட்டேன் என்று கடவுளே சொன்னதாக ரப்பி யோகனான் உரைக்கிறார். கி.பி. 70 இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபின், அந்த இழப்பின் நினைவாக, வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுகிறவன் ஒரு சிறு இடத்தைப் பூசாமல் விட்டுவைக்க வேண்டும் என்று ஞானிகள் விதித்தார்கள். ஒரு முழத்துக்கு ஒரு முழம், வாசலுக்கு எதிரே, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி. இன்றும் சில யூத வீடுகளில் அந்தச் சதுரத்தைப் பூசாமலே வைத்திருக்கிறார்கள்.

வணக்கம்.