பொலிகுதிரைக்கு எந்த வேலி? எப்படிப்பட்ட பட்டி?

[காட்சி: செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகளின் ஓரத்தில் ஒரு திறந்த மேடு. துருப்பிடித்த பழைய முள்கம்பி வேலி.]

வணக்கம். நாம் நிற்கும் இந்த மேடு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் நகரை ஒட்டிய ஒரு பழைய தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது. தோட்டத்தில் வேலி என்றால் நம்மவர்களுக்கு முதலில் முள்கம்பிதான் நினைவுக்கு வரும். இளஞ்செம்பனையை மாடு தின்றுவிடாமல் காக்க அது போதும். ஆனால் காயடிக்காத ஆண் குதிரையை, அதாவது பொலிகுதிரையை, முள்கம்பிக்குள் அவிழ்த்து விடுவதைவிட லாயத்திலேயே வைத்திருப்பது மேல் என்பேன். கம்பியில் கால் சிக்கினால் குதிரை நின்று யோசிக்காது. மிரண்டு, பலங்கொண்ட மட்டும் இழுக்கும். முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதை கிடையாது, தோலை அடுத்துத் தசைநாண்களும் எலும்பும்தான் உள்ளன. ஆகவே ஒரே இழுப்பில் கால் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

[காட்சி: மேல் உதட்டைச் சுருட்டி, கழுத்தை நீட்டி முகரும் குதிரை.]

பருவத்துக்கு வந்த பெட்டையின் வாசனை காற்றில் வந்ததும் பொலிகுதிரை இப்படி உதட்டைச் சுருட்டி முகரும். பிறகு வேலி ஓரமாகவே போய்வரும், முன்காலால் உதைக்கும், சில வேளை பின்னங்காலில் எழுந்து நிற்கும். நாம் கட்டும் வேலி இந்த நேரத்துக்காகத்தான். மற்றக் குதிரைகளுக்கு 4½ அடி உயரம் போதுமென்றால், இதற்கு 5 முதல் 6 அடி வரை வேண்டும்.

பலகை வேலியானால், கம்பத்தின் உட்பக்கத்தில், அதாவது குதிரை இருக்கும் பக்கத்தில், பலகைகளை அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் அடித்தால், அது மார்பால் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, கம்பமாக நடவேண்டாம். மருந்தேற்றாத பால்மரம் நம் ஈரமண்ணில் கரையானுக்கும் பூஞ்சைக்கும் விரைவில் இரையாகும். வெளியே திடமாகத் தெரிந்தாலும் மண்மட்டத்தில் உளுத்திருக்கும். மருந்தேற்றிய கம்பமோ, விலை கூடினாலும் செங்ஙால் போன்ற கடினமரமோ நல்லது.

வலை வேலி போடுவோர் கண்ணியின் அளவைப் பார்க்க வேண்டும். ஆட்டுக்குப் போடும் அகலக் கண்ணியில் குளம்பு நுழைந்துவிடும். 2 அங்குலத்துக்கு 4 அங்குலக் கண்ணியில் நுழையாது. வலைக்கு மேலே ஒரு பலகை அவசியம், ஏனெனில் ஓடிவரும் குதிரையின் கண்ணுக்கு மெல்லிய கம்பி எளிதில் புலப்படுவதில்லை. சிவப்பையும் பச்சையையும் குதிரையால் பிரித்தறிய முடியாது என்பதால், லாலான் புல்லுக்கு முன்னால் பச்சை வலை மறைந்தே போகும். வெள்ளைப் பலகையோ அகலமான வெள்ளை நாடாவோ தூரத்திலேயே தெரியும்.

[காட்சி: வேலியின் உட்புறம் ஓடும் வெள்ளை மின்நாடா.]

மின்சாரம் வேலிக்குத் துணையே தவிர, அதுவே வேலி ஆகிவிடாது. பலகைக்கு உட்புறமாக, மார்பு மட்டத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக நாடா ஓடினால் குதிரை மரத்தைக் கடிக்காது, சாயாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பாக, மிகச் சிறிய நேரமே அதிர்ச்சி தரும் மின்வேலிக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். நம் நாட்டில் இடி அதிகமாதலால் இடிதாங்கியும் சேர்த்துப் பொருத்துங்கள். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் நாடாவைத் தொடுமளவுக்குப் புல் வளர்ந்து, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இத்தனையும் செய்தாலும், பக்கத்துப் பட்டியில் வேறு குதிரை இருந்தால் ஒற்றை வேலி ஆபத்துதான். இரு குதிரைகள் வேலிக்கு மேலாக மூக்கோடு மூக்கு உரசி, கனைத்து, முன்காலை வீசும்போது அந்தக் கால் வேலியில்தான் மாட்டும். ஆகவே உயரத்தை இன்னும் ஓர் அடி கூட்டுவதற்கு வைத்திருக்கும் பணத்தை இரண்டாம் வேலிக்குச் செலவிடுவதே என் தேர்வு. இரண்டுக்கும் இடையே 3 மீட்டர் சந்து இருந்தால் புல்வெட்டும் வண்டியும் போகும். குதிரைகள் ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. பார்வையையும் மறைத்து நாலு சுவருக்குள் அடைத்துவிட்டால், கூட்டமாக வாழும் அந்தப் பிராணி இன்னும் மூர்க்கமாகும்.

மூலைகளை வளைவாக அமைப்பது நல்லது. கதவு வேலியின் உயரத்துக்கே இருக்க வேண்டும். வாயால் நெம்பித் திறக்க முடியாத கொண்டியோடு ஒரு சங்கிலியும் போடுங்கள். செம்பனை மரத்தை ஒட்டி வேலி போட்டால், வெட்டி விழும் முள்மட்டை ஒரு நாள் அதை உடைத்துவிடும். கொஞ்சம் விலகிப் போங்கள். பள்ளத்தைத் தவிர்த்து மேட்டையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் வேலி ஓரமாக நடந்துகொண்டே இருக்கும் குதிரை மழைக்காலத்தில் அந்தப் பாதையைச் சேறாக்கிச் சறுக்கி விழும்.

[காட்சி: கயிற்றோடு குதிரையை வேலி ஓரமாக நடத்திச் செல்லும் ஒருவர்.]

வேலி முடிந்த அன்றே அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். வெயில் ஏறுமுன், பெட்டைகள் அருகில் இல்லாத நேரத்தில், கயிற்றில் பிடித்து நாலு பக்கமும் இரண்டு சுற்று நடத்துங்கள். அது நின்று முகர்ந்து பார்க்கும் இடமெல்லாம் முகரட்டும். பிறகு கதவுக்குள் நின்று, அதன் தலையை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக் கயிற்றை அவிழ்த்து, அது திரும்பி ஓடத் தொடங்குமுன் வெளியே வந்துவிடுங்கள்.