கிழங்கும் காந்தாரியும்: ஒரே தட்டுல ரெண்டு செடியோட ஆயுதம்

மக்களே வணக்கம், இன்னைக்கு வீட்டுக்கு பின்னாடி மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு விளையில நிக்கேன், திருவட்டாறு பக்கம் ராத்திரி நல்ல மழ, மண்ணு இளகி கெடக்கு, கிழங்கு பிடுங்க இதவிட நல்ல நேரம் கெடைக்காது. இன்னா பாருங்க, மேல தவிட்டு நெறத்துல தோலு, அத நகத்தால சுரண்டுனா இளஞ்சிவப்பா ஒரு தொலி, அதுக்கும் உள்ளதான் வெள்ள சதை. இந்த தொலியிலதான் விஷம் கூடுதல், சயனைடு!

பயப்படாதீங்க, நான் சின்னதுல இருந்தே திங்கேன். ஆனா எட்டாங்கிளாஸ் படிக்கும்போ எங்க ஆட்டுக்குட்டி ஒண்ணு இந்த இலைய வாய் நெறய தின்னுட்டு மூச்சு வாங்கி வாங்கி என் கண்ணு முன்னால செத்துப்போச்சு, அன்னைக்கு அழுத அழுகதான் இதுக்குள்ள என்ன இருக்குன்னு படிக்க வச்சுது.

செடி சயனைட ரெடியா வச்சுக்கிடாது, வச்சா அதுவே செத்துரும்லா. லினமாரின்னு ஒரு பொருள், சர்க்கரையோட சேந்து செல்லுக்குள்ள ஒரு பையில கெடக்கும், அத உடைக்கிற லினமாரேஸ் என்சைம் தனியா செல் சுவருல இருக்கும். புழு கடிச்சாலும் ஆடு மென்னாலும் சுவரு உடைஞ்சு ரெண்டும் கலந்துரும், அப்பதான் சயனைடு கிளம்பும். ஆட்டு வயித்துல உள்ள பாக்டீரியாவும் லினமாரின உடைக்கும், அதான் ஆடுமாடுக்கு இவ்வளவு ஆபத்து.

இந்த லினமாரின உண்டாக்க முதல் வேலைய பாக்குறது ரெண்டு ஜீன், சிஒய்பி79டி1, சிஒய்பி79டி2. 2003-ல வந்த ஒரு ஆராய்ச்சியில இலையில இந்த ஜீன்கள அடக்கிட்டு பாத்தா, கிழங்குல லினமாரின் 99 சதவீதம் கொறஞ்சிட்டு! அப்போ விஷம் இலையில உண்டாகி கீழ இறங்குது, எனக்கு இது பெரிய ஆச்சரியம். 2023-ல கிரிஸ்பர்னு ஜீன வெட்டித் திருத்துற முறைய வச்சு ரெண்டு ஜீனையும் முடக்கிட்டாங்க. ஆனா விஷத்த முழுசா எடுக்கணுமான்னு கேட்டா எனக்கு மனசு வரல, ஏன்னா மலாவியில விவசாயிங்க கசப்பு கிழங்கத்தான் விரும்பி நடுறாங்க, காட்டு மிருகமும் தொடாது கள்ளனும் தொடமாட்டான், பன்னி விளைய கிளறிப்போட்ட வயித்தெரிச்சல் மலையோரத்துல உள்ள நம்ம ஆளுகளுக்கு சொல்லித் தெரியணுமா.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும், மழ இல்லாத வருஷம் விஷம் கூடும். 1981-ல மொசாம்பிக்ல வறட்சி நேரம் கசப்பு கிழங்க சரியா பக்குவப்படுத்தாம தின்னு ஆயிரம் பேருக்கு மேல கால் விளங்காம போச்சு, கொன்சோன்னு சொல்லுவாங்க. அதனால தொலிய நல்லா உரிச்சு, சின்னதா நறுக்கி, நெறய தண்ணியில வேகவச்சு, அந்த தண்ணிய கொட்டிருங்க, நம்ம அம்மாமாரு காலங்காலமா செய்றதுதான்.

கிழங்குக்கு காந்தாரி மிளகு சம்மந்தி, அதான் சின்ன காரமிளகாய் சட்னி, இல்லாம எப்படி! இன்னா, செடியிலயே பழுத்து செவசெவன்னு நிக்கு. இதுலயும் ஆயுதம்தான், கேப்சைசின்னு காரம் குடுக்குற பொருள், விதைய ஒட்டியிருக்க வெள்ள தசையிலதான் ஊறும். எலி கடிச்சா விதைய அரைச்சு நாசமாக்கும், அதுக்கு எரியும், பறவைக்கு எரியவே எரியாது, அது முழுங்கி தூரமா கொண்டு போய் போடும், விதை அங்க முளைக்கும். இந்த காரம் உண்டாக பன்1னு ஒரு ஜீன் வேணும், குடமிளகாயில அது உடைஞ்சு போச்சு, அதான் அதுல காரமே இல்ல.

சரி மக்களே, அடுப்புல தண்ணி கொதிச்சிட்டு, கிழங்க போட்டுட்டு, இந்த தொலியையும் இலையையும் ஆடு எட்டாத எடத்துல குழி தோண்டி மூடிட்டு வாறேன்.