ஒரு டாலர் குத்தகை

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, இந்தப் புழுக்கத்திலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் பகுதியில் கிடக்கும் காலி மனையைத் தோட்டமாக்க வேண்டும் என்று புறப்பட்டிருக்கிறீர்கள். எந்தச் செடியை எங்கே நடுவது என்று சொல்ல நான் வரவில்லை. அதில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். நான் சொல்லப்போவது நியூயார்க் நகரத்தின் கதை. வானத்தைத் தொடும் கட்டடங்களுக்கு நடுவே தோட்டம் ஏது என்று தோன்றும். ஆனால் இன்று அங்கே மாநகராட்சியின் ஆதரவோடு இயங்கும் சமூகத் தோட்டங்கள் 550 அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை அக்கம்பக்கத்தார் கூடி, யாரிடமும் கூலி வாங்காமல் உருவாக்கியவை. அவை முளைத்த கதையும் நல்ல கதைதான். ஆனால் தப்பிப் பிழைத்த கதைதான் நமக்கு அதிகம் பயன்படும்.

1970-களில் அந்த நகரம் கடனில் மூழ்கிக் கிடந்தது. 1975-ல் திவாலாகும் விளிம்புக்கே போய்விட்டது. ஆலைகள் வெளியேறின. வசதி உள்ளவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு, தெற்கு பிராங்ஸ், புரூக்ளின் போன்ற பகுதிகளில் ஏழைகள் மட்டும் மிஞ்சினார்கள். வாடகை வராத கட்டடத்துக்கு வரி எதற்கு என்று உரிமையாளர்கள் அப்படியே கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே தீ வைக்க ஏற்பாடு செய்தவர்களும் உண்டு. வரி பாக்கிக்காக அந்த மனைகள் மாநகராட்சியின் கைக்கு வந்தன. இடிக்க வேண்டியதை இடித்துவிட்டு, சுற்றிக் கம்பிவேலி போட்டதோடு மாநகராட்சியும் மறந்துவிட்டது. அப்படி ஆயிரக்கணக்கான மனைகள். அக்கம்பக்கத்தார் அவற்றில் எதைக் கொட்டியிருப்பார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பவரி, ஹவுஸ்டன் ஆகிய இரு தெருக்கள் சந்திக்கும் மூலையில் அப்படி ஒரு மனை. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் அந்த வட்டாரத்தில் குடியிருந்தார். 1973-ல் அவரும் நண்பர்களும் அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். மறைந்திருந்து தாக்கும் கொரில்லாப் போராளிகளைப் போல, தங்களுக்குப் ‘பசுமைக் கொரில்லாக்கள்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். உள்ளே நுழைய முடியாத மனைகளுக்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பலூன்களிலும் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளிலும் விதையையும் உரத்தையும் அடைத்து வேலிக்கு மேலே வீசி எறிவார்கள். சாலை நடுத்திட்டுகளில் சூரியகாந்தி விதைத்தார்கள். இதெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த பகுதி. எனக்குப் பிடித்த பகுதி அடுத்த ஆண்டு வருகிறது. 1974 ஏப்ரலில் அவர்கள் மாநகராட்சியின் வீட்டுவசதித் துறையிடம் போய், அந்த மூலை மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு எழுதி வாங்கினார்கள். விதைக்குண்டு வீசியவர்கள் வாடகைதாரர்கள் ஆனார்கள்!

அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு. கட்டடம் இடிந்த மனையில் மண் என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. செங்கல், சுண்ணாம்பு, கண்ணாடித் துண்டு, ஆணி இவைதான் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பழைய வீடுகளின் சுவர்ப் பூச்சில் காரீயம் கலந்திருந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோலிலும் காரீயம் இருந்தது. இரண்டும் சேர்ந்து மண்ணில் படிந்து, அங்கேயே தங்கிவிட்டன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. ஆகவே நகரத் தோட்டக்காரர்கள் பழைய தரையைத் தொடாமல், மரப்பலகை அடித்து, அதற்குள் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை நிரப்பி மேட்டுப்பாத்தி போட்டார்கள். பவரி மூலையில் மட்டும் அப்படி 60 பாத்திகள். எதைப் பயிரிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். தக்காளி, கத்தரி போன்ற காய்களுக்குள் காரீயம் அதிகம் ஏறுவதில்லை. கீரையிலும் முள்ளங்கியிலும் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொண்டு வருவதால் ஆபத்து கூடுதல். நம் மனையில் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பழைய பேட்டரிக் கடையோ, வண்டிப் பட்டறையோ இருந்திருந்தால், கீரைப்பாத்தி போட ஆசைப்படும் அம்மாக்கள் சற்றுப் பொறுத்திருங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? தெருவோரத்தில் தீயணைப்பு வண்டிக்காக நிறுத்தியிருக்கும் இரும்புக் குழாயை, அனுமதிச் சீட்டு வாங்கி, தனித் திருகியால் திறந்து, நீண்ட ஹோஸ் மாட்டி நீர் பாய்ச்சினார்கள். இன்றும் பல தோட்டங்களில் அதுதான் நடைமுறை.

பிராங்ஸ் பகுதியில் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள் தோட்டத்துக்கு நடுவே ‘காசிட்டா’ என்ற சிறிய மரவீட்டைக் கட்டினார்கள். தங்கள் ஊர்க் குடிசை போலவே வர்ணம் பூசி, திண்ணை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பறை போன்ற தோல்கருவிகளைத் தட்டி ‘பிளேனா’ பாடினார்கள். காய்கறி அங்கே இரண்டாம்பட்சம். வேலை இழந்த ஆண்கள் உட்காரவும், பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் பேசக் கற்றுக்கொடுக்கவும் ஓர் இடம் கிடைத்தது. தோட்டம் போடுகிறவர்கள் விளைச்சலை மட்டும் கணக்குப் பார்த்தால் இந்த வரவு கணக்கில் ஏறாது.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். 1975-ல் ஆடம் பர்ப்பிள் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட ஒருவர், ஏறக்குறையத் தனியாளாக ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். தலை முதல் கால் வரை ஊதா உடை, மிதிவண்டி, நீண்ட தாடி. சென்ட்ரல் பூங்காவில் சாரட்டு வண்டி இழுக்கும் குதிரைகளின் லத்தியை அள்ளி, மிதிவண்டியிலேயே கொண்டுவந்து உரமாக்கினார். வட்டத்துக்குள் வட்டமாகப் பாத்தி விரிந்து, 15,000 சதுர அடிக்கு வளர்ந்தது அந்தத் தோட்டம். சோளம், பழச்செடிகள், மரங்கள் எல்லாம் இருந்தன. எந்தக் காகிதமும் இல்லை. காகிதம் வாங்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. அந்த இடத்தில் எளியோருக்கான வீடு கட்ட மாநகராட்சி தீர்மானித்தது. தோட்டத்தை நடுவில் விட்டுவைத்துக் கட்டலாம் என்ற யோசனைகள் எடுபடவில்லை. 1986 ஜனவரி 8 அன்று புல்டோசர் வந்தது. பத்தாண்டு உழைப்பு, ஒன்றேகால் மணி நேரத்தில் தரைமட்டம்.

சரி, காகிதம் வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? அதுவும் இல்லை. 1978-ல் மாநகராட்சி ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தோட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகையில் மனைகளைக் கொடுத்தது. வேலிக்கும் மண்ணுக்கும் கருவிகளுக்கும் உதவியது. ஆனால் அந்தக் குத்தகை தற்காலிகமானது. 30 நாள் அவகாசம் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம். மனைக்கு விலை இல்லாதவரை அந்த நிபந்தனை யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒரு டாலர் என்பதைத் தோட்டக்காரர்கள் பரிசாக எடுத்துக்கொண்டார்கள். மாநகராட்சியோ அதை வெறும் இடைக்கால ஏற்பாடாக வைத்திருந்தது.

1990-களில் ஊர் மாறியது. குற்றம் குறைந்தது, மனை விலை ஏறியது. ரூடி ஜூலியானி மேயர். தோட்ட மனைகளை ஏலம் விட அவரது நிர்வாகம் முனைந்தது. எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1998-ல் காவல்துறைத் தலைமையக வளாகத்தில் நடந்த ஓர் ஏலத்தில் ஆயிரக்கணக்கான சுவர்க்கோழிகளை அவிழ்த்துவிட்டார்கள். கோட்டும் டையும் அணிந்த வணிகர்கள் நாற்காலி மேல் ஏறி நின்றதைக் கற்பனை செய்து பாருங்கள். தக்காளி வேடத்திலும் பூச்சி வேடத்திலும் ஊர்வலம் போனார்கள். ஆனாலும் 1999 மே மாதத்தில் 100-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வர நாள் குறித்தாகிவிட்டது. ஏலத்துக்கு முந்தைய நாள், பொது நில அறக்கட்டளை ஒன்றும் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் சேர்ந்து ஏறத்தாழ 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கின. சுவர்க்கோழி செய்தியில் வந்தது; தோட்டத்தைக் காப்பாற்றியது கிரயப் பத்திரம். இதைச் சொல்வதில் எனக்கே மகிழ்ச்சி இல்லை, ஆனால் நடந்தது அதுதான்.

எல்லாவற்றையும் பணம் காப்பாற்றவில்லை. கிழக்கு 7-ஆம் தெருவில் எஸ்பெரான்சா என்ற தோட்டம், 1970-களின் பிற்பகுதியிலிருந்து இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவின் சின்னஞ்சிறு தவளையான கோக்கியின் உருவத்தை, ஆள் உள்ளே படுக்கும் அளவுக்குப் பெரிதாகச் செய்து வாசலில் வைத்து, இரவும் பகலும் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரி 15 அன்று காலை புல்டோசர் உள்ளே வந்தது. தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்களைக் காவலர்கள் அறுத்து எடுத்துக் கைது செய்தார்கள். அதே நாள், சில மணி நேரம் கழித்து, தோட்டங்களை இடிக்கத் தடை விதித்து நீதிமன்ற உத்தரவு வந்தது.

அந்த வழக்கைத் தொடுத்தவர் நியூயார்க் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர். அடுத்து வந்த மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2002-ல் அவரோடு உடன்பாட்டுக்கு வந்தார். ஏறத்தாழ 400 தோட்டங்களுக்குப் பாதுகாப்பு. 150 மனைகள் வரை வீடு கட்டப் போகலாம், ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முறையான விசாரணை நடத்திய பிறகே. எஸ்பெரான்சாவுக்கு அது பயன்படவில்லை.

ஏழைக்கு வீடா, தோட்டமா என்ற கேள்வியை ‘மேயர் கெட்டவர்’ என்று சொல்லித் தாண்டிப் போய்விட முடியாது. அது நியாயமான கேள்வி. இன்னொரு சங்கடமும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள்: சமூகத் தோட்டம் வந்த பிறகு சுற்றியுள்ள வீடுகளின் விலை ஏறியது, அதிலும் ஏழைப் பகுதிகளில்தான் அதிகமாக. விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் தோட்டம் போட்டவர்களே குடிபெயர வேண்டிவரும். அவர்களின் உழைப்புதான் அவர்களுடைய மனையை ஏலம் போகும் அளவுக்கு மதிப்புள்ளதாக்கியது. இதற்கு எளிதான மருந்து கிடையாது.

கிரீன்தம்ப் இன்று ஒரு நிபந்தனை வைக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரமாவது கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். நேரத்தை வாசலில் எழுதி வைக்கவும் வேண்டும். சாவி ஐந்தாறு பேர் கையில் மட்டும் இருக்கும் தோட்டத்துக்காகத் தெருவில் இறங்க ஆள் வராது. நம் சங்கத்தில் சாவி யாரிடம் என்று இப்போதே ஒரு முணுமுணுப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் காலி மனை அப்படி ஒதுக்கியதுதான் என்கிறார்கள். பத்திரம் பதிவானதா? வில்லங்கச் சான்றில் தெரிகிறதா? மாநகராட்சியின் எழுத்துப்பூர்வமான அனுமதி, பதிவு செய்த சங்கத்தின் பெயரில் வருமா, தலைவரின் பெயரில் வருமா? தலைவர் மாறுவார். சங்கத்தின் பெயரில்தான் வர வேண்டும். எத்தனை ஆண்டுக்கு, எத்தனை நாள் அவகாசத்தில் திரும்பக் கேட்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

பத்திர நகல் கேட்டுச் செயலாளர் மனு கொடுத்திருக்கிறார். அது வரும்வரை நாற்றுக்கும் பலகைக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப மட்டும் எந்தப் பத்திரமும் தேவையில்லை. அதை இந்த வாரமே அனுப்பிவிடலாம்.