நம் மாநிறத்துக்கு மேக்கப், தங்கம், தனாக்கா: ரங்கூன் வீட்டு ஜன்னலோரத்திலிருந்து

வணக்கம். எல்லாரும் சாப்பிட்டாச்சா? பார்த்தவுடன் இதைத்தான் நாமும் கேட்போம், பர்மாக்காரர்களும் கேட்பார்கள். அதனால் இந்த ஊரில் பிறந்த எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கவே வராது.

இன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. ரிங் லைட்டை ஓரமாக வைத்துவிட்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குப் பேசப்போகும் விஷயத்துக்கு உண்மையில் இந்த வெளிச்சம்தான் வேண்டும்.

கொஞ்சம் கிட்டே வந்து காட்டுகிறேன். முகத்தில் சன்ஸ்கிரீன் தவிர இன்னும் ஒன்றும் போடவில்லை. நெற்றி ஒரு நிறம். வாயைச் சுற்றி அதைவிடக் கறுப்பு. கன்னத்தில் கொஞ்சம் செம்பு மாதிரி தெரிகிறது, பாருங்கள். கழுத்து இன்னொரு நிறம். நம்மில் நிறையப் பேருக்கு முகம் இப்படித்தான் இருக்கும். தேய்த்துக் கழுவினால் போகிற அழுக்கு இல்லை இது.

மாநிறம் என்று சொல்கிறோமே, மாந்தளிரை என்றைக்காவது கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதில் செம்பு இருக்கும், மஞ்சள் இருக்கும், ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடும், வெயிலில் பிடித்தால் மினுங்கும். சங்கப் பாடல்களில் பெண்ணின் இந்த நிறத்துக்கு ‘மாமை’ என்று பெயர். அழகு என்றே பாடியிருக்கிறார்கள். மேக்கப் வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தளிர்தான் நினைவுக்கு வருகிறது. ஒரே ஒரு பழுப்பு நிறத்தை எடுத்து அதன் மேல் பூசினால் எப்படிப் பொருந்தும்?

எனக்கு இது புரிந்தது என் சித்தப்பா மகள் கல்யாணத்தில். ஒரு பார்லரில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அனவ்ரதா சாலைக் காளி கோயில் வாசலில் இறங்கியவுடன் என் அப்பத்தா என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. முந்தானையை நனைத்து, என் தாடையோரத்தில் மெதுவாகத் துடைத்துப் பார்த்தார். பிறகு, “உன் முகத்தை எங்கடி விட்டுட்டு வந்தே?” என்று கேட்டார். அன்றைக்கு எடுத்த போட்டோக்களில் என் முகம் சாம்பல் நிறம், கை பழுப்பு நிறம். அந்த ஆல்பத்தை நான் இன்னும் முழுதாகப் பார்த்ததில்லை. 1871-ல் நம் ஆட்கள் கட்டிய கோயில் அது. எங்கள் வீட்டு விசேஷம் எல்லாம் அங்கேதான். அங்கே என் முகம் என் முகமாக இல்லாமல் நின்றது இன்னும் மனதில் கிடக்கிறது.

சரி, ஏன் அப்படி ஆனது? இரண்டு காரணம். முகம் ஒரே நிறமாகத் தெரியப் பூசுகிற ஃபவுண்டேஷனில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி சேர்ப்பார்கள். வெளுத்த ஷேடுகளில் அது அதிகம். கறுத்த தோலின் மேல் அந்த வெள்ளை படிந்தால் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். இன்னொன்று அடிநிறம். தோலுக்குக் கீழே தெரிகிற சாயலைச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு அது மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருக்கும். அதன் மேல் ரோஸ் சாயல் உள்ளதைப் போட்டால் முகம் மட்டும் தனியாக எடுத்து ஒட்டியது போல நிற்கும்.

இந்த ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கொரியா, தாய்லாந்துச் சாமான்கள்தான். டப்பாவுக்குள் ஸ்பஞ்சில் ஊறிய ஃபவுண்டேஷனைக் குஷன் என்பார்கள். கொரிய குஷன்களில் 13, 21, 23 என்று எண் இருக்கும். எண் கூடக்கூட நிறம் கறுக்கும். 23-ஐ எடுத்துக் கொடுத்து, “அமா (அக்கா), இருப்பதிலேயே கறுப்பு இதுதான்” என்பார்கள். எனக்கு அது மூன்று படி வெளுப்பு. கடைக்காரப் பெண் மேல் தப்பில்லை, வந்திறங்குவது அவ்வளவுதான். அதனால் நான் சென்னையிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ வருகிறவர்களிடம் சொல்லி வாங்குகிறேன். என் கையில் இருப்பது மேபெலின் ஃபிட் மீ, 330 டாஃபி. மேக் கம்பெனிச் சாமான் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அதில் என்சி என்று ஆரம்பித்தால் மஞ்சள் சாயலுக்கு, என்டபிள்யூ என்றால் ரோஸ் சாயலுக்கு. நம்மில் பலருக்கு என்சி 42, 44, 45 பக்கம் வரும். 2017 செப்டம்பரில் ஃபென்டி பியூட்டி முதல் நாளே 40 ஷேடுகளோடு வந்தது. அதற்குப் பிறகு மற்றக் கம்பெனிகள் பலவும் கறுத்த ஷேடுகளைக் கூட்டின. இங்கே அலமாரிக்கு அது வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சோதித்துப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மணிக்கட்டின் உள்பக்கம் தடவிப் பார்க்காதீர்கள், அந்த இடம் எப்போதும் வெளுப்பாகத்தான் இருக்கும். தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி மூன்று கோடு இழுங்கள், மூன்று ஷேடு. இழுத்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஒரு கால் மணி நேரம் காத்திருங்கள், ஒரு டீ குடியுங்கள். முகத்து எண்ணெயும் காற்றும் பட்டுச் சிலது கறுக்கும். அதன்பிறகு பகல் வெளிச்சத்தில் எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ அதுதான் உங்களுடையது. முகமும் கழுத்தும் வேறு வேறு நிறமாக இருந்தால் கழுத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டு பாட்டில் வாங்கிக் கலந்துகொள்ளலாம். எனக்கு மழைக்காலத்துக்கு ஒரு கலவை, இங்கத்துச் சித்திரைப் புத்தாண்டான தின்ஜான் வெயிலுக்கு ஒரு கலவை.

இப்போது போட்டுக் காட்டுகிறேன். கண்ணுக்குக் கீழேயும் வாயைச் சுற்றியும் முதலில் ஆரஞ்சு கரெக்டர். துளிதான். ஆரஞ்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கருவளையத்தில் இருப்பது நீலம் கலந்த சாம்பல். ஆரஞ்சு அதை அடக்கிவிடும். இதைப் போடாமல், கறையை மறைக்கும் கன்சீலரை வெளுத்த நிறத்தில் நேரே அப்பினால் அந்த இடம் சாம்பலாகத்தான் போகும். மேலே ஃபவுண்டேஷனை முகம் முழுக்கப் போடவில்லை, தேவையான இடத்தில் மட்டும் விரலால் தட்டுகிறேன். பவுடர் மஞ்சள் சாயலில் இருக்கட்டும். வெள்ளையாக இருக்கும் சிலிகா பவுடர் கண்ணாடியில் தெரியாது, ஃபிளாஷ் அடித்தால் மாவு கொட்டியது போல் காட்டிக்கொடுத்துவிடும்.

சன்ஸ்கிரீனைச் சொல்ல விட்டுவிட்டேன், அதை முதலிலேயே போட்டுவிட்டேன். கறுத்த தோலுக்கு எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். வேண்டும். நம் தோலில் பருவோ காயமோ வந்து போனால் கறை நிற்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட அந்தக் கறையை ஆழமாக்கும். அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதைத் தடுக்கும். வெள்ளை படியாமலும் இருக்கும்.

அப்புறம் தனாக்கா, பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து. இதைப் பற்றிப் பேசாமல் ரங்கூனிலிருந்து வீடியோ போட முடியுமா? தெய்ன்ஜி சந்தையில் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஷ்வேபோ கட்டை, ஷின்மடௌங் கட்டை என்று ஊர்ப் பெயர் சொல்லி விற்பார்கள். பக்கத்துக் கடையில் நம் சீயக்காய், அதற்கு இங்கே கின்பூன் என்று பெயர். எங்கள் அப்பத்தா காலையில் குளித்ததும் சந்தனம் அரைப்பது போல, வட்டக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பட்டையை அரைப்பார். கன்னத்தில் இரண்டு வட்டம், மூக்கில் ஒரு கோடு, நெற்றியில் திருநீறு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் என் முகத்தில் தனாக்கா ரொம்பத் தெரிகிறது என்று சொன்னார்கள், அழித்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பத்தா மறுபடி பூசிவிட்டார். “தெரியத்தானே பூசுறது. வெள்ளைச் சுவத்துல வெள்ளைக் கோலம் போட்டா யாருக்குத் தெரியும்?” என்றார்.

மேக்கப் சொல்லிக்கொடுத்த எத்தனையோ பேரிடம் கிடைக்காத பாடம் எனக்கு அதில் கிடைத்தது. தனாக்கா யாருடைய நிறத்துக்கும் மாற்றாகப் பூசுவது இல்லை. வெளுத்தவர், கறுத்தவர், எல்லார் முகத்திலும் அதே இளமஞ்சள்தான். ஆனால் நம் கன்னத்தில் அது பூவிதழ் வைத்தது போல எடுப்பாகத் தெரியும். ஃபவுண்டேஷன் மட்டும்தான் தோலோடு கலந்துபோக வேண்டும். மற்ற நிறங்கள் தோலோடு பேச வேண்டும், தைரியமாக.

அதனால் உதட்டுக்கு வெளுத்த ரோஸ் வேண்டாம். எனக்கு மேல் உதடு கறுப்பு, கீழ் உதடு சிவப்பு. முதலில் பழுப்பு லிப் லைனரால் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறேன். மேலே செங்கல், மாதுளை, நாவல்பழம், மருதாணி காய்ந்த நிறம், இந்தக் குடும்பத்தில் எதுவும் நன்றாக இருக்கும். அதே லிப்ஸ்டிக்கைக் கன்னத்திலும் ஒரு துளி தட்டினால் பிளஷ் ஆகிவிடும். கண்ணுக்கு மை போதும். கடைத்தெருவில் கல்லை அரைத்த சுர்மா என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள், அந்தக் கல்லில் ஈயம் இருக்கும்.

தங்கத்துக்கு வருவோம், இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். மொகல் தெரு, இப்போது ஷ்வேபோன்தா தெரு, அங்கே தங்கம் வாங்கியவர்களுக்குத் தெரியும். இங்கே கணக்கு கியாத்தாவில். ஒரு கியாத்தா 16 கிராமுக்குக் கொஞ்சம் கூட, நம் கணக்கில் சுமார் 2 சவரன். ஒரு கியாத்தாவுக்கு 16 பே. தரத்தையும் அதே பேயில்தான் சொல்வார்கள். 16 பே என்றால் கலப்பில்லாத தங்கம், 15 பே என்றால் நம் 22 காரட்டை ஒட்டி வரும். அந்த 16 பே தங்கத்தின் மஞ்சள் இருக்கிறதே, முட்டைக் கருவை வெயிலில் பார்த்தது போல இருக்கும். இதோ, இது அப்பத்தாவின் தோடு. காதோரம் வைக்கிறேன், பாருங்கள், தோலில் இருக்கும் செம்பு மேலே எழுந்து வருகிறது. வெளுத்த ரோஸ் கோல்டை வைத்தால் அது வருவதில்லை.

எல்லாருக்கும் தங்கம்தான் என்று சொல்ல மாட்டேன். நம்மிலேயே நீலச் சாயல் உள்ள நல்ல கறுப்பு நிறக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளி, அதிலும் கறுக்க வைத்த வெள்ளி, அள்ளிக்கொண்டு போகும். இரண்டையும் நெஞ்சுக்குழியில் வைத்து ஜன்னலோரத்தில் பாருங்கள். போஜோக் மார்க்கெட்டுக்குப் போனால் பச்சைக் கல்லான ஜேடு, மோகோக் மாணிக்கம், மெர்குயி கடலின் பொன்னிற முத்து, மூன்றையும் கையில் வைத்துப் பாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் போங்கள். எனக்கு மாணிக்கத்தைவிட அந்தப் பொன் முத்துதான் மனதில் நின்றது. கவரிங் போடுகிறவர்கள் நிக்கலைக் கவனியுங்கள், அரித்துப் புண்ணானால் கழுத்தில் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

ஸ்டிக்கர் பொட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் அத்தைக்குப் பல வருடம் ஒரே இடத்தில் ஒட்டி ஒட்டி அந்த இடம் வட்டமாக வெளுத்துவிட்டது. சில பொட்டுப் பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும், அது தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களையே அழிக்கும். இரவில் எடுத்துவிடுங்கள். அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நான் குங்குமத்துக்கு மாறிவிட்டேன்.

லேபிள் இல்லாத டப்பாவில் விற்கும் வெளுப்பு கிரீம் இருக்கிறதே, தங்கச்சிகளா, அதைத் தொடாதீர்கள். ஏழு நாளில் வெளுக்கும் என்று சொன்னால் அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்குப் போகும். பாதரச உப்பான கலோமெல், அல்லது மெர்குரி என்று டப்பாவில் எங்கே பார்த்தாலும் கீழே வைத்துவிடுங்கள். இதைத் தடுக்கவும் சேர்த்துத்தான் 2013-ல் நாடுகள் மினமாட்டா ஒப்பந்தம் போட்டன. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-ல் ‘ஃபேர்’ என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. பர்மிய மொழியில் ‘ஞோ’ என்றால் பழுப்பு நிறம். ஞோ ஞோ என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு. நம் ஊரிலும் கறுப்பாயி என்று வைத்தவர்கள்தானே நாம்?

சரி, முகம் முடிந்தது. தலைக்கு இன்றைக்கு மல்லிகை இல்லை, படாவுக் பூ. நம் வேங்கைக்குச் சொந்தக்காரப் பூ. சித்திரையில் முதல் மழை விழுந்தவுடன் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து ஒரே நாளில் உதிர்ந்துவிடும். இன்று காலை கீழ்வீட்டு அக்கா ஒரு கொத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வைத்துக்கொள்கிறேன், இருங்கள். தோட்டின் மஞ்சளும் பூவின் மஞ்சளும் வேறு வேறு, தெரிகிறதா? கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். முகமும் கழுத்தும் ஒரே ஆள்.

வெளிச்சம் சாய்கிறது. அப்பத்தா கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். நானும் போய்விட்டு வருகிறேன்.