ரசமும் மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் மருந்துக் கடை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கப் போனாலும் யாராவது பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "ஐயா, மஞ்சள் சாப்பிட்டால் வயிற்றில் புற்றுநோய் வராதாமே?"

அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இரைப்பைப் புற்று உயிரணுக்களில் அதை விட்டால் அவை பெருகுவது தடைபடுகிறது, பல மடிந்தும் போகின்றன. குர்குமின் ரத்தத்தில் லேசில் ஏறாது என்பது பெரிய குறை. ஆனால் இரைப்பைக்கு ரத்தம் வழியாகத்தான் போக வேண்டுமா? விழுங்கினால் நேரே அங்கேதானே விழுகிறது! ஆய்வாளர்களுக்கு வயிற்றின் மேல் ஒரு கண் இருப்பது அதனால்தான்.

ரத்தத்தில் ஏற்றவும் வழி உண்டு. மிளகு! 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறும் அளவு 20 மடங்கானது. நம் ரசத்தில் இரண்டும் சேர்ந்தே கொதிக்கின்றன. ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்துவதில்லை என்று வீட்டில் புகார், ஆகவே கணக்குக்கு வருகிறேன்.

தைவானில் 2001-இல் வெளிவந்த ஆய்வில் நாளுக்கு 8 கிராம் குர்குமின் வரை கொடுத்தார்கள். இரைப்பையில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டிருந்த 6 பேரில் ஒருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சரி, மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்குதான். 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேல் தூள் வேண்டும், ஒரே நாளில்! மீன் குழம்புக்கு நாம் போடுவதோ அரைத் தேக்கரண்டி.

ஒருமுறை ஓர் அக்கா கடைக்கு வந்தார். "கேஸ்ட்ரிக் ஐயா, தினமும் வெறும் வயிற்றில் மஞ்சள் தண்ணீர் குடிக்கிறேன், எரிச்சல் போகவில்லை, மாத்திரையாகக் கொடுங்கள்" என்றார். நான் கொடுக்கவில்லை. மூச்சை ஊதிச் செய்யும் சோதனைக்கு அனுப்பினேன். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தது. ஆன்டிபயாடிக் முழுவதும் சாப்பிட்டார், எரிச்சல் போய்விட்டது. மஞ்சள் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று இன்றும் ஊரெல்லாம் சொல்கிறார்!

அந்தக் கிருமியைத்தான் 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல், வாரன் என்ற இரு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மார்ஷல் அதைத் தாமே குடித்துப் பார்த்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அதைப் புற்றுக்குக் காரணி என்று அறிவித்துவிட்டது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட நம்மவர்களிடம் இந்தக் கிருமி அதிகம். இருந்தும் சீனர்களைவிட நமக்கு இரைப்பைப் புற்று குறைவு. "எல்லாம் மஞ்சள்தான்" என்று மார்தட்டுகிறோம். அதை யாரும் நிரூபிக்கவில்லை, ஐயா!

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உப்புக் கருவாடு, சிகரெட் இரண்டையும் குறையுங்கள், விளக்கம் சொல்ல நேரமில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொட வேண்டாம். அந்த மாத்திரையால் கல்லீரல் கெட்டுப்போனவர்களும் உண்டு. மலம் கறுப்பாகப் போனாலோ காரணமின்றி எடை இறங்கினாலோ, கேஸ்ட்ரிக் என்று சமாளிக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். வணக்கம்.