செவிடன் காதில் பாடிய பாட்டு

(ஸ்காபரோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தேநீர் ஆறுவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது நடக்காது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

2020 பெப்ரவரியில் மொன்றியலில் எங்கள் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். பனிக்காலத்தில் அவ்வளவு தூரம் கார் ஓட்டப் பயந்து, ஒரு மாதம் முன்பே ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ரயில் ஓடாது என்று மின்னஞ்சல் வந்தது. பெல்வில் பக்கத்தில் தையெண்டினேகா என்ற இடத்தில் மோஹாக் என்ற பூர்வகுடி மக்கள் தண்டவாளத்தின் ஓரம் முகாம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். "அவர்களுக்கு என்ன பிரச்சினை இருந்தாலும் இருக்கட்டும், அதற்கு நாங்களா கிடைத்தோம்?" என்று சமையலறையில் நின்று சத்தம் போட்டேன். மகள் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அப்பா, நீங்கள் கார்டினரில் நிற்கேக்க கார்க்காரர் இதைத்தானே சொன்னவை?" என்றாள்.

அவள் சொன்னது 2009 மே 10ஆம் திகதியை. இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அன்று அந்த நெடுஞ்சாலையில் நின்றிருப்பீர்கள். அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. வாரக்கணக்காகக் கத்தியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால், கைக்குழந்தைகளின் தள்ளுவண்டியோடு ரொறன்ரோ நகரத்தின் கார்டினர் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி உட்கார்ந்தோம். அடுத்த நாள் வானொலியில் எங்களுக்குக் கிடைத்த அர்ச்சனை உங்களுக்கு மறந்திருக்காது. கோரிக்கை நியாயமாகவே இருக்கட்டும், ஏன் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றார்கள். அதே வசனம் பதினொரு வருடம் கழித்து என் வாயிலிருந்து வந்தது. மச்சாளிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த மோஹாக் மக்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது தங்கள் பிரச்சினைக்காக அல்ல. நாட்டின் மறுகோடியில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கில், வெட்சுவெட்டென் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்துக்குள்ளால் ஒரு எரிவாயுக் குழாய் போகிறது. பெயர் கோஸ்டல் காஸ்லிங்க். டோசன் கிரீக் பகுதியிலிருந்து கடற்கரையோரக் கிட்டிமாட் வரை 670 கிலோமீட்டர். அங்கே வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி ஆசியாவுக்குக் கப்பலேற்றுவது திட்டம். வெட்சுவெட்டென் மக்களுக்கு ஐந்து குலங்கள், பதின்மூன்று குடிகள், 22,000 சதுர கிலோமீட்டர் நிலம். அந்த நிலத்தை அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒப்பந்தமும் இல்லை, விற்பனையும் இல்லை. குலங்களின் பரம்பரைத் தலைவர்கள் இந்தக் குழாய்க்குச் சம்மதிக்கவில்லை.

சரி, பிறகேன் வழக்குப் போடாமல் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

1927 முதல் 1951 வரை கனடாவில் ஒரு சட்டம் இருந்தது. அரசின் அனுமதி இல்லாமல், நில உரிமைக் கோரிக்கைக்காகப் பூர்வகுடி மக்களிடம் பணம் சேர்ப்பதே குற்றம். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு திரட்ட முடியாது என்றால் வழக்கு எங்கே இருந்து வரும்? நிலம் யாருடையது, பட்டம் யாருக்கு என்பதையெல்லாம் ஊரறியச் சாட்சி வைத்து முடிவுசெய்யும் விருந்துச் சடங்கும் 1951 வரை தடையில்தான் இருந்தது. அதாவது அவர்களுடைய காணிக் கந்தோரையே பூட்டி வைத்திருந்தார்கள்.

பூட்டுத் திறந்த பிறகு, வெட்சுவெட்டென் மக்களும் அயலவர்களான கிட்க்சன் மக்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். டெல்கமூக் வழக்கு என்று பெயர். 1987இல் விசாரணை தொடங்கியது. அந்த மக்களிடம் உறுதிப்பத்திரம் கிடையாது. அவர்களுடைய பத்திரம் கதையும் பாட்டும்தான். ஒரு கிட்க்சன் மூதாட்டி சாட்சிக் கூண்டில் தன் குடிக்குரிய பாட்டைப் பாட எழுந்தார். நீதிபதி அலன் மெக்ஈக்கர்ன், தனக்குப் பாட்டு ஏறாத காது, தன்னிடம் பாடிப் பயனில்லை என்றார். மூதாட்டி பாடினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாங்கள் சும்மா சொல்வோம். அங்கே அது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. 1991இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது.

அவர்கள் விடவில்லை. 1997 டிசம்பர் 11இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வாய்வழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும், பூர்வகுடி உரிமை என்பது வேட்டையாடும் உரிமை மட்டுமல்ல, நிலத்தின் மீதான உரிமையே என்றது. பெரிய வெற்றிதான். ஆனால் இந்த நிலம் இவர்களுடையதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வழக்கு தொடுக்கப்பட்ட முறையில் ஒரு குறை இருக்கிறது, புதிதாக விசாரியுங்கள், அதைவிடப் பேசித் தீர்ப்பது நல்லது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் புது விசாரணை இன்றுவரை நடக்கவில்லை. அதற்குள் குழாய் வந்துவிட்டது.

2019 டிசம்பர் 31இல் குழாய் நிறுவனத்துக்குத் தடையுத்தரவு கிடைத்தது. பாதையை மறிக்கக் கூடாது என்று. அந்தத் தடையுத்தரவுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் போதுமாக இருந்தது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு முப்பது வருடம் போதவில்லை. 2020 பெப்ரவரி 6 முதல் 10 வரை ஆர்சிஎம்பி என்ற மத்திய பொலிஸார் காட்டு முகாம்களுக்குள் புகுந்து 28 பேரைக் கைதுசெய்தார்கள். கடைசி நாள் காட்சியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பாலத்துக்குக் குறுக்கே மரத்தடுப்பு, காணாமற்போன பூர்வகுடிப் பெண்களின் நினைவாகத் தொங்கும் சிவப்புச் சட்டைகள், தடுப்பின் மேல் 'நல்லிணக்கம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. பொலிஸார் அந்தத் தடுப்பை அறுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாடகத்தில் இப்படி ஒரு காட்சி வைத்தால் மிகையாக இருக்கிறது என்று நானே வெட்டச் சொல்வேன்.

இதற்குத்தான் தையெண்டினேகாவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். கிழக்கு கனடாவில் சரக்கு ரயில் நின்றது, பயணிகள் ரயில் நின்றது, ஏறத்தாழ ஆயிரம் ரயில் ஊழியர்களுக்குத் தற்காலிகமாக வேலை போனது. அவர்களுடைய கஷ்டம் பொய்யல்ல. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர், நாள்கணக்காக மறியலில் உட்கார வசதியிருப்பவர்கள் தங்கள் சலுகையை எண்ணிப் பார்க்கட்டும் என்றார். அன்றைய பிரதமர் ட்ரூடோ முதலில் பேச்சுவார்த்தை என்றார், பெப்ரவரி 21இல் தடுப்புகள் அகல வேண்டும் என்றார், 24இல் பொலிஸ் வந்து பத்துப் பேரைப் பிடித்தது.

விவாதம் முழுக்க ஒரே சொல்தான்: சட்டத்தின் ஆட்சி. டெல்கமூக் தீர்ப்பும் சட்டந்தானே, அதை யார் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட குரல் அந்த இரைச்சலில் எடுபடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் இந்த மேடைக்கு வந்திருக்கக் கூடாது. குழாய்ப் பாதையிலுள்ள 20 பூர்வகுடிச் சபைகள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தன. அவற்றில் வெட்சுவெட்டென் சபைகளே ஐந்து. அவை மக்களின் வாக்கில் வந்தவை. ஆனால் அந்தச் சபை முறையே கனடிய அரசு தன் சட்டத்தால் கொண்டுவந்தது, அதன் அதிகாரம் அரசு ஒதுக்கிய சிறு காணிக்குள் மட்டுந்தான், பரந்த நிலம் பரம்பரைத் தலைவர்களுடைய பொறுப்பு என்று மறுதரப்பு சொல்கிறது. சட்டப்படி இந்த வாதத்தில் பலம் அதிகம் என்பது என் எண்ணம். அதற்காக ஒப்பமிட்டவர்களை விலைபோனவர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் நாக்கு நுனியிலேயே இருக்கும். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், ஒழுகாத வீடு வேண்டும், எப்படியும் வரப்போகிற குழாயில் ஏதாவது கிடைக்கட்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். ஒரே வீட்டில் தாய் மறியலிலும் மகன் குழாய் வேலையிலும் நின்றால் யாரை ஏசுவது?

அப்புறம் என்ன நடந்தது? 2020 மே மாதம், நில உரிமையைப் பற்றிப் பேசுவோம் என்று அரசுகளும் பரம்பரைத் தலைவர்களும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். குழாய் அந்த உடன்பாட்டுக்கு வெளியே. வேலை நிற்கவில்லை. 2021 நவம்பரில் மறுபடி கைதுகள். அந்த முறை இரண்டு பத்திரிகையாளர்களும் உள்ளே. 2023இல் குழாய் முடிந்தது. ஆரம்பத்தில் ஆறரை பில்லியன் டொலர் அளவில் பேசப்பட்ட செலவு 14.5 பில்லியனில் வந்து நின்றது. 2025 பெப்ரவரியில் ஒரு நீதிபதி, கைதான மூவருக்குக் கனடிய உரிமைச் சாசனம் தரும் உரிமைகளைப் பொலிஸார் மீறினார்கள் என்று தீர்ப்பளித்தார். அதே வருடம் முதல் கப்பல் கிட்டிமாட்டிலிருந்து புறப்பட்டது.

மறியல் சரியா என்று மகள் அன்று என்னிடம் கேட்கவில்லை. இங்கே யாராவது கேட்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். ரயிலை மறித்ததில் எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. வேலை போன அந்த ஆயிரம் பேர் குழாய் போட்டவர்கள் அல்ல. காட்டுப் பாலத்தை மறித்ததில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. தன் வளவுக்குப் படலை போடுவதை மறியல் என்று நான் சொல்வதில்லை.

மொன்றியல் கலியாணத்துக்குக் கடைசியில் கார் ஓட்டித்தான் போனோம். கிங்ஸ்டன் பக்கம் பனி கொட்டியது. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த பிறகுதான் மண்டபத்துக்குள் நுழைந்தோம். மச்சாள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.