சுவருக்கு மேலே ஓர் ஓட்டை

நேயர்களுக்கு வணக்கம். கட்டடத்தில் தீ என்றதும் நம் கண்முன் வருவது கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

1980 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டல் தீப்பிடித்தது. எரிந்தது கீழ்த்தளம். இறந்த 85 பேரில் பலர் மேல்மாடிகளில் தங்கியிருந்தவர்கள். நெருப்பு அவர்களை எட்டவே இல்லை. படிக்கட்டு, லிஃப்ட் குழி, கட்டடத்தின் இணைப்பு இடைவெளிகள் என்று கிடைத்த வழியிலெல்லாம் புகை ஏறிப்போனது.

கிடைத்த வழியில் என்றேனே, அங்கேதான் என் பல்லவி. ஒரு கட்டடத்தைச் சோதிக்கப் போனால் நான் முதலில் கேட்பது ஏணி. ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்ப்பேன். கீழே பளபளவென்று பெயின்ட் அடித்த சுவர். மேலே, கேபிள் இழுப்பதற்காக உடைத்த ஓட்டை, தலையே நுழையும்! ஓரிடத்தில் அதைப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். யாரோ அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால், காகிதமாயிற்றே! இத்தனைக்கும் இதற்கென்றே தீ தாங்கும் பூச்சுகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் குழாய் நுழையும் இடத்துக்கு ஒரு வளையம் உண்டு. சூடு பட்டதும் அது உப்பி, உருகும் குழாயை நசுக்கி ஓட்டையை அடைத்துவிடும்.

அப்புறம் கதவு. தானாகச் சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு இருக்கும், அது சாத்தாமலிருக்க அடியில் ஒரு மரத்துண்டு இருக்கும். சில இடங்களில் தீயணைப்பானையே முட்டுக்கொடுத்து வைப்பார்கள். போக வர வசதியாம்! திறந்தே இருக்க வேண்டுமென்றால் காந்தப் பிடிப்பு வையுங்கள். அலாரம் அடித்ததும் அது கதவை விட்டுவிடும். மறுபடி சொல்கிறேன், மரத்துண்டு வேண்டாம்.

படிக்கட்டுக்குள் விசிறியால் காற்றழுத்தம் ஏற்றிப் புகையை வெளியே நிறுத்துவது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும், மாடிக்கு மாடி படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தால் அந்த அழுத்தம் நிற்காது. ஏசி குழாய்களில் வைக்கும் தடுப்புப் பலகைகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.